பை அண்ணையும் ஓர் அலுமாரிப் பாணும்

டொராண்டோ நகரத்தில் ஒரு யூத மதகுருவைச் சமையல் ஒழுங்கு விஷயத்தில் நடுங்கவைத்த ஒரே யாழ்ப்பாணத்து மனிதர் பை அண்ணைதான். இதை நான் கயிறு திரித்துச் சொல்லவில்லை. அந்த மதகுருவே ஒருநாள் என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "உங்கள் ஆள் சமையலறைக்குள் வந்தால் நான் ஏதோ பிழை செய்துவிட்டேன் என்றே எனக்குத் தோன்றுகிறது" என்றார். அந்த மதகுருவோ இருபது வருடமாக அந்தச் சமையலறையின் மேற்பார்வையாளர்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பாதர்ஸ்ட் வீதிப் பக்கம் யூத சமூகத்தார் நடத்தும் ஒரு சமூக சேவை நிறுவனம் அது. தனியே இருக்கும் முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது, அவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, குடும்பத்துக்குள் நொந்து வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது, புதிதாக நாட்டுக்கு வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என்று அங்கே நூறு வேலை. என் வேலை போன் எடுப்பதும், யார் எந்த வீட்டுக்கு எப்போது போகவேண்டும் என்று அட்டவணை போடுவதும். மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் பிடித்துப் போவேன். "அவையின்ரை இடத்திலை உமக்கென்ன வேலை?" என்று சொந்தக்காரர் கேட்பார்கள். "போன் அடிச்சா எடுக்கிற வேலை" என்பேன். அதற்குமேல் அவர்களுக்கும் கேட்கத் தெரியாது.

பை அண்ணை அங்கே சாப்பாடு கொண்டுபோகும் வான் வண்டியை ஓட்டினார். அவருக்கு ஒரு சொந்தப் பெயரும் இருந்தது. அது சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். யூத ஊழியர்களுக்கு அவர் 'மிஸ்டர் பாக்'. எனக்குப் பை அண்ணை. காரணம், இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் குறுக்கே தொங்கிய ஒரு மண்ணிறப் பை. ஏதோவொரு விமானக் கம்பனி எந்தக் காலத்திலோ இலவசமாகக் கொடுத்தது. கம்பனியின் பெயர் தேய்ந்து அழிந்துபோய், பை மட்டும் மிஞ்சியிருந்தது. இழுத்து மூடுகிற சிப் வேலை செய்யாது. மூன்று ஊக்கு குத்தியிருப்பார். குளிர்காலத்தில் ஜாக்கெட்டைப் பைக்கு மேலாகத்தான் போடுவார். அதனால் நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை அவருக்கு ஒரு பக்கம் மட்டும் வயிறு வைத்திருக்கும். வானில் ஏறினால் பைக்கு மேலாலேயே சீற் பெல்ட். கழிவறைக்குப் போனாலும் பை கூடப் போகும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அலுவலகத்தில் பல கட்சிகள் இருந்தன. தங்கம் என்றது ஒரு கட்சி. பழைய காதலியின் கடிதங்கள் என்றது இன்னொன்று. வெறும் மத்தியானச் சாப்பாடு என்றவர்களும் உண்டு. ஆனால் அவர் மத்தியானச் சாப்பாட்டை வேறொரு பையில் கொண்டுவந்ததால் அந்தக் கட்சி கலைந்துவிட்டது. நான்தான் அவரை அதிகம் சீண்டினவள்.

"அண்ணை, உதுக்குள்ளை என்ன இருக்கு?"

"தேவையானது இருக்கு, பிள்ளை."

"ஆருக்குத் தேவையானது?"

"தேவைப்படுற ஆக்களுக்கு."

மார்க்கம் நகரில் ஒரு மண்டபம் எடுத்து, என் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு நடத்தினோம். பை அண்ணை கோட்டும் சூட்டும் ரையுமாக வந்தார், அவற்றுக்குக் குறுக்கே பையும் வந்தது. படம் எடுத்த பெடியன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிட்டப் போனான்.

"அங்கிள், பையை ஒருக்காக் கீழை வையுங்கோவன். படத்திலை வடிவில்லாமல் விழுது."

"நீர் படத்தை எடும் தம்பி. பை உம்மடை கமராவை ஒண்டும் செய்யாது."

ஆல்பம் வந்தபோது பார்த்தால், மேடைப் படம், குடும்பப் படம், சாப்பாட்டுப் படம் எல்லாவற்றிலும் அந்தப் பை. எனக்கு அன்று உண்மையாகவே கோபம் வந்தது. மகள் ஆல்பத்தைப் புரட்டி, "அம்மா, ஹூ இஸ் திஸ் பாக் கை?" என்று கேட்டாள். "உன்ரை பெரியப்பா முறை" என்று சொல்லி ஆல்பத்தை மூடினேன்.

மதகுருவை அவர் நடுங்கவைத்த கதைக்கு வருகிறேன். யூதர்களின் உணவு ஒழுங்கில் இறைச்சியும் பாலும் ஒன்றோடொன்று சேரக்கூடாது. எங்கள் சமையலறையில் இறைச்சிப் பக்கம் வேறு, பால் பக்கம் வேறு. சட்டி, கரண்டி, கழுவுகிற தொட்டி எல்லாம் தனித்தனி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இது ஏறவே ஏறாது. ரபாய், அதாவது அந்த மதகுரு, ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பார். கடைசியில் யாராவது தயிர்க் கரண்டியைக் கோழிச் சூப்பில் விட்டுவிடுவார்கள்.

பை அண்ணை வேலைக்கு வந்த முதல் நாள் அந்த வகுப்பில் கைகட்டிக்கொண்டு இருந்தார். முடிவில் ரபாய், "ஏதாவது கேள்வி?" என்றார். பை அண்ணை கையைத் தூக்கினார். "வேர் இஸ் தேர்ட் சட்டி?"

ரபாய் திகைத்துப்போனார். ஏனென்றால் மூன்றாவது சட்டி உண்மையிலேயே இருக்கிறது. இறைச்சியும் இல்லாமல் பாலும் இல்லாமல் பொதுவாகச் சமைக்கிற பாத்திரங்கள் அவை. அவற்றை இரண்டாம் நாள் வகுப்புக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்தார். இந்த மனிதருக்கு எப்படித் தெரியும் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உதிலை என்ன தெரியக் கிடக்கு?" என்றார் பை அண்ணை. "எங்கட வீட்டிலை மச்சச் சட்டி, மரக்கறிச் சட்டி, விரதச் சட்டி எண்டு மூண்டு. கந்தசட்டிக்கு விரதச் சட்டியிலை ஆரும் மீன் கரண்டியை வைச்சா அந்தக் கரண்டி வெளி முத்தத்திலைதான் கிடக்கும். ஐயாவுக்குச் சொல்லும், நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு."

அன்று தொடங்கியது. அவர் வான்காரர், சமையலறையில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் சாப்பாட்டுப் பெட்டி எடுக்க வரும்போதெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். ஒருநாள் ரபாயே யோசனையில் பால் விட்ட கோப்பியோடு இறைச்சிப் பக்கம் காலெடுத்து வைத்தார். வாசலில் பை அண்ணை கையை நீட்டி மறித்தார். "நோ சேர். மில்க். கோ பேக்." ரபாய் கோப்பியைப் பார்த்தார், பை அண்ணையைப் பார்த்தார், திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் கறுத்தக் கோப்பிதான் குடித்தார்.

இந்தச் சிரிப்புக் கதைகளை நான் எடுத்து வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பையும் அந்தச் சட்டிக் கண்டிப்பும் சேர்ந்துதான் ரோசா என்ற ஒரு பெண்மணியை அவருடைய சொந்த வீட்டிலேயே இருக்கவிட்டன.

ரோசாவுக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. ஹங்கேரி நாட்டில் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் யூதர்களை ரயிலில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொன்றபோது அவர் சின்னப் பிள்ளை. அந்தக் குடும்பத்தில் ரயிலேறியவர்களில் அவர் ஒருவர்தான் திரும்பி வந்தார். கனடாவுக்கு வந்து, கல்யாணம் செய்து, பாதர்ஸ்ட் வீதியில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் வாழ்ந்தார். கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் யாரையும் வீட்டுக்குள் விட்டதில்லை. கதவைச் சங்கிலியோடு நான்கு விரல் அளவு திறப்பார். "வையுங்கள். போங்கள்." அவ்வளவுதான். நான் அட்டவணை போட்டு அனுப்பிய நான்கு பேரும் அந்தச் சங்கிலியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

மகன் வன்கூவரில். வாரத்துக்கு ஒருமுறை எனக்குப் போன் எடுப்பார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "அம்மா விழுந்து கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. நீங்கள் வீட்டுக்குள் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். தனியே இருக்க முடியாது என்றால் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுகிறேன்" என்பார். ரோசாவும் போன் எடுப்பார், இரண்டே வரிக்கு. "மகனிடம் சொல்லுங்கள். என்னை ஒருமுறை ஏற்றிக்கொண்டு போனது போதும்." பிறகு போனை வைத்துவிடுவார். நான் கொஞ்ச நேரம் அடுத்த அழைப்பை எடுக்காமல் இருப்பேன்.

பாஸ்கா பண்டிகை வந்தது. அந்த எட்டு நாளும் யூத வீடுகளில் பாண், கேக், பிஸ்கட் போன்ற புளித்த மாப்பண்டம் ஒன்றும் இருக்கக்கூடாது. துகள்கூட இல்லாமல் கூட்டித் துடைப்பார்கள். பண்டிகைக்கு முதல்நாள் நாங்கள் பெட்டி பெட்டியாகப் பண்டிகைச் சாமான் கொண்டுபோவோம். பை அண்ணை வானை நான்கு முறை தூசி இழுக்கிற மெஷினால் துப்புரவாக்கிவிட்டார். உதவிக்குப் போக வந்த என்னை வானுக்குள் ஏறவிடவில்லை.

"பிள்ளை, பஸ்ஸிலை வரேக்கை என்ன சாப்பிட்டனீர்?"

"ஒரு மாலு பண், மீன் வைச்சது."

"போய் வாயைக் கொப்புளிச்சிட்டு, சட்டையை உதறிப்போட்டு வாரும்."

ரபாய் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். உதவிக்கு வரவில்லை.

அன்று மத்தியானம் ரோசாவின் வீட்டு வாசலில் நடந்ததை நான் என் கண்ணால் கண்டேன். கதவு நான்கு விரல் திறந்தது. "வையுங்கள். போங்கள்." பை அண்ணை பெட்டியை வைக்கக் குனிந்தார். பையில் ஒரு ஊக்குக் கழன்றது. உள்ளேயிருந்து ஒரு மாரி பிஸ்கட் பக்கற் வழுக்கி விழுந்து, கதவிடுக்கால் உருண்டு, பண்டிகைக்குத் துடைத்து வைத்த அந்த வீட்டுக்குள் போய் நின்றது.

பை அண்ணையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் வாயைக் கொப்புளிக்கச் சொன்ன மனிதர்! சங்கிலிக்குள்ளால் கையை விட்டார், எட்டவில்லை. "சொறி மடம்! பிஸ்கட்! சொறி!" என்று கிட்டத்தட்ட அழுதார். காலையிலிருந்து பதினேழு வீட்டுக்கு அந்தப் பிஸ்கட்டோடு போய்வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவர் மண்டையில் உறைத்தது.

ரோசா குனிந்து பக்கற்றைப் பார்த்தார். அவர் இரண்டு வரிக்கு மேல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "சாப்பாடு கொண்டுவருகிற ஆளுக்குப் பையில் பிஸ்கட் எதற்கு?"

பை அண்ணை நிமிர்ந்து நின்றார். "ஃபோர் ரன்னிங்" என்றார்.

ஓடுவதற்கு.

கதவு சாத்திக்கொண்டது. சரி, இனி இந்த வீட்டில் பெட்டியும் வைக்க முடியாது என்று நான் நினைத்தேன். உள்ளே சங்கிலி கழலும் சத்தம் கேட்டது. கதவு முழுவதுமாகத் திறந்தது.

ரோசா எங்களைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு அலுமாரியைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை பாண். முழுப் பாண், பாதிப் பாண், துவாயில் சுற்றிய துண்டுகள், கல்லாய்ப்போன கரைகள். சிலதில் பச்சை பூத்திருந்தது. "என்னால் பாணை எறிய முடியாது" என்றார். குரலில் வெட்கம் இருந்தது. "நாளை பின்னேரம் பண்டிகை தொடங்குகிறது. இது வீட்டில் இருக்கவும் கூடாது. ஒவ்வொரு வருடமும் என் கணவர்தான் விற்பார்."

இது அவர்களுடைய ஒரு வழக்கம். எறிய முடியாத மாப்பண்டத்தைப் பண்டிகைக்கு முன் யூதரல்லாத ஒருவருக்கு எழுதி விற்றுவிடுவார்கள். சாமான் அந்த வீட்டிலேயே பூட்டிக் கிடக்கும், ஆனால் சொந்தக்காரர் வேறு ஆள். பண்டிகை முடிய திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வழக்கமாக ரபாய் எல்லாருடையதையும் சேர்த்து ஒருவருக்கு விற்பார். பை அண்ணை வானை எடுத்துக்கொண்டு பறந்துபோய் ரபாயை ஏற்றி வந்தார். வருகிற வழியில் தன் பிஸ்கட் பாவத்தையும் அறிக்கையிட்டிருக்கிறார். "பண்டிகை நாளைக்குத்தானே. இன்றைக்கு அவர்களே பாண் சாப்பிடலாம்" என்று ரபாய் சொல்லியும் அவருக்கு மனம் ஆறவில்லை.

ரோசா ஒரே பிடியாக நின்றார். "இவருக்குத்தான் விற்பேன். ஓடுவதற்குப் பிஸ்கட் வைத்திருக்கிற மனிதர் பாணை எறியமாட்டார்."

ரபாய் குசினி மேசையில் உட்கார்ந்து ஒரு கடதாசி எழுதினார். பை அண்ணை ஒரு டொலர் கொடுத்துக் கையெழுத்து வைத்தார். அலுமாரியைப் பூட்டித் திறப்புச் சாவியை வாங்கினார். கடதாசியும் திறப்பும் பைக்குள் போயின. இப்படியாக, பாதர்ஸ்ட் வீதியில் ஓர் அலுமாரி பழம்பாணுக்கு யாழ்ப்பாணத்துச் சைவப்பழம் ஒன்று சட்டப்படி உரிமையாளர் ஆனது.

அதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். பண்டிகையின் நடுவில் ஒருநாள் பார்த்தால், பை அண்ணை ஜாக்கெட்டைப் போடுகிறார். "எங்கை அண்ணை வெளிக்கிட்டிட்டியள்?"

"என்ரை பாணைப் பாத்திட்டு வாறன்."

எட்டு நாள் முடிந்தது. ரபாய் போய், "இனித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். ரோசா மாட்டேன் என்றுவிட்டார். "பாண் அவருடையது. அவர் வந்து பார்த்துக்கொள்ளட்டும்." இருபது வருட அனுபவமுள்ள ரபாய்க்கே இது புதிதாக இருந்தது. எனக்கு விளங்கியது. யாரையும் வா என்று கூப்பிடத் தெரியாத மனுஷி, ஒரு மனிதர் வந்துபோவதற்குக் காரணம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

பை அண்ணையும் உரிமையை விளையாட்டாக எடுக்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் போவார். அலுமாரியைத் திறந்து ஒவ்வொரு பாணாகத் தூக்கிப் பார்ப்பார். பச்சை பூத்ததை எடுத்துப் பிளாஸ்டிக் பைக்குள் வைப்பார். முதல் நாள் ரோசா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாராம். "மடம், மை பாண். ஐ ரேக்" என்று பை அண்ணை சொல்ல, கையை எடுத்துவிட்டாராம். எடுத்த ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒன்று வைப்பார். எடுத்ததையும் அவரால் எறிய முடியவில்லை. பூஞ்சணத்தை வெட்டிவிட்டு தன் வீடிருந்த வோபர்ன் பக்கம் கொண்டுபோய்ப் புறாக்களுக்குப் போட்டார். அவர் இருந்த கட்டடத்துப் புறாக்கள் அந்த வருடம் பறக்கவே மறந்துபோயின.

ஜூன் மாதம் நாங்கள் பயந்தது வந்தது. மகன் விடாமல் கேட்டதால், டெபோரா என்ற எங்கள் சமூகப் பணியாளர் ரோசாவின் வீட்டைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார். அறிக்கை சரியில்லை என்றால் ரோசா முதியோர் இல்லத்துக்கு. முடிவெடுக்க ரோசாவின் வீட்டிலேயே ஒரு கூட்டம் வைத்தார்கள், மகன் போனில். அந்த வீட்டுக்குள் போய்வருகிற ஒரே ஆள் என்பதால் பை அண்ணையையும் கூப்பிட்டார்கள். அவர் என்னிடம் வந்தார்.

"பிள்ளை, நீரும் வாரும். என்ரை இங்கிலீஷ் வானுக்குள்ளை ஓடும். மீற்றிங்குக்குள்ளை ஓடாது."

அவசரத்தில் நான் ஓடினேன். அந்த வீட்டில் ரோசா நாற்காலியில் நிமிர்ந்து இருந்தார். மேசையில் போன். டெபோரா ஒரு கடதாசியை என்னிடம் நீட்டி, "இதிலிருப்பதை இவருக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்றார். நல்ல மனுஷி, அவருக்கும் அந்த வேலை பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் தலையைத் தடவினேன், பொக்கற்றைத் தடவினேன், கைப்பையைக் கிண்டினேன். வாசிக்கிற கண்ணாடி அலுவலக மேசையில்.

எனக்குப் பக்கத்தில் ஊக்குகள் கழன்றன. ஒன்று, இரண்டு, மூன்று. பை அண்ணை பைக்குள் கையை விட்டு, ஒரு பழைய காலுறைக்குள்ளிருந்து கண்ணாடி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். போட்டேன். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அந்த நேரம் நான் வேறொன்றும் யோசிக்கவில்லை.

"முதலாவது" என்று தமிழில் சொன்னேன். "பழைய பாணைச் சேத்து வைக்கிறா. பூஞ்சணம், எலி வரக்கூடும் எண்டு எழுதியிருக்கு."

"பாண் என்ரை" என்றார் பை அண்ணை.

ஆங்கிலத்தில் சொன்னேன். டெபோரா, "மன்னிக்கவும்?" என்றார். பை அண்ணை ரபாய் எழுதிய கடதாசியை எடுத்து மேசையில் விரித்தார். அதன்மேல் திறப்பை வைத்தார். போனுக்குள்ளிருந்து மகன், "அம்மா, யாருக்கு எதை விற்றீர்கள்?" என்று கத்தினார். டெபோரா எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தார். ஒவ்வொரு பாணிலும் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டி, பை அண்ணையின் எழுத்தில் திகதி போட்டிருந்தது. ஒரு கிழமைக்கு மேற்பட்ட பாண் ஒன்றுகூட இல்லை. டெபோரா உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

இரண்டாவதைக் கண்ணால் வாசித்துவிட்டுக் கடதாசியைக் கீழே இறக்கினேன்.

"வாசியும் பிள்ளை."

"கதவடியிலை சூட்கேஸ் ஒண்டு அடுக்கி வைச்சிருக்கிறா. எங்கையோ போகப்போறன் எண்டு நினைக்கிறா போல. மனக்குழப்பத்தின்ரை அறிகுறியா இருக்கலாம் எண்டு எழுதியிருக்கு."

பை அண்ணை தலையைக் குனிந்து பையின் பட்டியைக் கழுத்துக்கு மேலால் கழற்றினார். பையில்லாத அந்தத் தோளை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். சட்டைத் துணி அந்த இடத்தில் மட்டும் வெளுக்காமல் புதிதாக இருந்தது. பையை மேசையில் வைத்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பிறப்புச் சான்றிதழ்கள். பாஸ்போர்ட் பிரதி. ஒரு ரோர்ச். பற்றரி. தலையிடிக் குளிசை. உப்புப் பொட்டலம். நெருப்புப் பெட்டி. மாரி பிஸ்கட்.

"சண்டைக்குள்ளை ரெண்டு தரம் ஒண்டுமில்லாமல் ஓடினனான். நான் ஆரெண்டு காட்ட ஒரு கடுதாசி இல்லாமல் ரெண்டு வருஷம் அலைஞ்சனான். எனக்கும் குழப்பமெண்டு எழுதச் சொல்லும். எழுதிப்போட்டு வான் திறப்பையும் வாங்கட்டும்."

நான் மொழிபெயர்த்தேன்.

தமிழ் விளங்காத ரோசாவுக்கு மேசையில் கிடந்தவை விளங்கின. எழுந்துபோய்ச் சூட்கேஸை இழுத்து வந்து திறந்தார். கடதாசிகள். ரோர்ச். கம்பளிக் காலுறை. ஒரு தகரப் பேணி பிஸ்கட். பிறகு நடந்தது நான் எந்தக் கூட்டத்திலும் காணாதது. இரண்டு பேரும் ஒருவருடைய சாமானை மற்றவர் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். பை அண்ணை ரோசாவின் ரோர்ச்சை அழுத்திப் பார்த்தார், எரியவில்லை. "மடம், வெரி பாட்" என்று ஏசிக்கொண்டே தன் பற்றரியைப் போட்டுக் கொடுத்தார். ரோசா பையின் ஊக்குகளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "ஊசி நூல் இல்லாமலா ஓடப்போகிறாய்?" என்று தன் சூட்கேஸிலிருந்து எடுத்து, அங்கேயே அந்தச் சிப்பைத் தைக்கத் தொடங்கிவிட்டார்.

போன் பொறுமையிழந்தது. "அங்கே என்ன நடக்கிறது?"

டெபோரா சொன்னார்: "உங்கள் அம்மா ஒருவருடைய பையைத் தைத்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்தார்."

பிறகு மகன், "இரண்டு வாரத்தில் நான் அங்கே வருகிறேன். இல்லத்தைப் பற்றி இப்போது பேசவேண்டாம்" என்றார். டெபோரா சூட்கேஸைப் பற்றிய வரியைப் பேனாவால் வெட்டினார். பாணைப் பற்றிய வரிக்குக் கீழே, 'உரிமையாளர் வாரம் இரண்டு முறை வந்து பார்க்கிறார்' என்று எழுதினார். ரோசா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

லிஃப்டில் இறங்கும்போதுதான் கண்ணாடி இன்னும் என் மூக்கில் இருப்பது தெரிந்தது. கழற்றிப் பார்த்தேன். பெண்கள் போடுகிற ஊதாச் சட்டம். பை அண்ணை வாசிக்கக் கண்ணாடி போடுவதில்லை.

"அண்ணை, இது ஆரின்ரை?"

"உம்மடை."

"என்ரையோ?"

"வானுக்குள்ளை உம்மடை பழையது ஒண்டு கால் முறிஞ்சு கிடந்தது. அதே நம்பரிலை டொலர் கடையிலை வாங்கினன்."

"எப்ப?"

"நீர் வேலைக்கு வந்து ரெண்டாம் வருஷம்."

அப்படியென்றால் மகளின் சாமத்தியவீட்டுப் படங்களில், நான் கோபப்பட்ட அந்தப் பைக்குள், இந்தக் கண்ணாடி இருந்திருக்கிறது.

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல என்ன கிடக்கு? நீர் ஒவ்வொரு நாளும் கண்ணாடியைத் தேடுற ஆள். ஓடவேண்டி வந்தா நிண்டு தேடுவீரோ?" லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கட அம்மா கண்ணாடியை விட்டிட்டு ஓடி வந்தவ. அகதிக் காம்பிலை எங்கை கண்ணாடிக்கடை? கண்ணை மூடுமட்டும் என்ரை முகத்தை வடிவாப் பாக்கேல்லை."

கதவு திறந்தது. அவர் வானை எடுக்கப் போய்விட்டார். நான் அந்தக் கட்டடத்தின் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன்.

பை அண்ணை இப்போது கல்கரியில் தன் மகளோடு இருக்கிறார். விமான நிலையத்தில் பையைத் தனியே மெஷினுக்குள் அனுப்பச் சொன்னதற்கு ஒரு மணி நேரம் சண்டை பிடித்தாராம். போவதற்கு முன் ரபாயைக் கூப்பிட்டு, ஒரு டொலருக்கு அலுமாரிப் பாணை எனக்கு எழுதித் தந்தார். செவ்வாயும் வெள்ளியும் நான் போய் என் பாணைப் பார்க்கிறேன். ரோசா கதவைத் திறந்ததும் முதலில் கேட்பது, "அவன் பற்றரி மாற்றினானாமா?"

என் கண் இன்னும் கொஞ்சம் மங்கிவிட்டது. டொக்டர் வேறு நம்பர் எழுதித் தந்து, புதுக் கண்ணாடியும் செய்தாயிற்று. அது கைப்பைக்குள் கிடக்கிறது. இதை முழுவதும் அந்த ஊதாச் சட்டத்தைப் போட்டுக்கொண்டுதான் எழுதினேன். எழுத்து சரியாகத் தெரியவில்லை. பரவாயில்லை.